மூன்று தரம் கேட்க வேண்டும்

தொத்தோரி, ஜப்பான்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ, அத்தான், உன் பிள்ளை லக்‌ஷன் மூவரும் சுகமோ? அப்பாவின் இடுப்பு எப்படி இருக்கிறது?

கடிதமா என்று சிரிக்காதே. போனில் நீ எல்லாவற்றுக்கும் "ம்" என்றுதான் சொல்கிறாய். உனக்கு ஓய்வு கிடைக்கிற நேரம் நான் நித்திரை. கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி முத்திரை ஒட்ட முடியாது, அதுதான். அத்தோடு, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டலாம். அங்கே மிச்சம் ஊரில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் கார்ட்டூன் பார்க்க, சனிக்கிழமை தவறாமல் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர் அவர். பலனை அனுபவிக்கட்டும்.

போன மாதம் அவர் படியில் விழுந்தபோது, "நான் வரட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம், நாங்கள் பாக்கிறம். நீ உன்ரை வேலையைப் பார்" என்றாய். சரி என்று இரண்டாம் வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மார்ச் வரை இந்தப் பள்ளிக்கூடம்தான்.

வேலை அதே வேலை. ஆங்கில ஆசிரியைக்குப் பக்கத்தில் நின்று நான் சத்தமாக வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். ரேடியோப் பெட்டிக்குச் சேலை கட்டிவிட்டால் போதும், நான் தேவையில்லை. புது வகுப்பில் "நான் லண்டன்" என்றேன். கைதட்டினார்கள். பிறகு ஒருத்தன் எழும்பி, "உண்மையில் எந்த நாடு?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. யாழ்ப்பாணம் என்றால் வரைபடம் தேட வேண்டும், நேரமில்லை. "லண்டன்தான்" என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை.

அப்பாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
மயூரா


மிச்சம், லண்டன்
2 மே 2024

அன்புத் தங்கச்சி மயூராவுக்கு,

இங்கே எல்லாரும் நல்லபடி. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைக் கவுன்சில் கடிதங்களோடு சேர்த்துத் தபால்காரர் போட்டுவிட்டார். நானும் பில் என்று நினைத்து இரண்டு நாள் உடைக்கவில்லை. குறை நினைக்காதே.

அப்பாவை ஆசுப்பத்திரியில் இருந்து விட்டுவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். சோபா போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது அப்பாவின் காலடியில் இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறார்கள். அவருக்கு அது பெரிய வெட்கம். கழுத்து வரை போர்த்துக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடப்பார், ஆனால் எல்லாருடைய கதையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

சாப்பாட்டில் கரைச்சல் இல்லை. நான் கேட்பதே இல்லை, தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவேன். "இவ்வளவு சோறு ஆருக்கு?" என்று என்னைப் பேசிக்கொண்டே முடித்துவிடுவார்.

நான் கடையில் விடிய ஷிப்ட் எடுத்திருக்கிறேன். அத்தான் வான் ஓட்டிவிட்டு வந்து பின்னேரம் பார்க்கிறார். லக்‌ஷனுக்கு அடுத்த வருடம் பள்ளிக்கூடச் சோதனை. சமாளிக்கிறோம். உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். "சாப்பாடு என்ன செய்யிறாளாம்?" என்று மட்டும் கேட்டார். எழுது.

அன்புடன் அக்கா,
அஜந்தா


தொத்தோரி
19 யூன் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் எல்லாருடைய சுகத்தையும் கேட்டதாக எடுத்துக்கொள். நான் ஈரமாக இருக்கிறேன். இங்கே மழைக்காலம். காலில் போடுகிற சப்பாத்தில் பூஞ்சணம், பெட்டியில் பூஞ்சணம், போன கிழமை பெல்ட்டிலும்.

அப்பாவிடம் சொல்: மத்தியானம் பள்ளிக்கூடச் சாப்பாடு, பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து. இரவில் அரிசி மாவில் புட்டு அவிக்கிறேன். இவர்களுடைய மூங்கில் தட்டில் நன்றாகவே அவிகிறது. தேங்காய்ப்பூ மட்டும் பைக்கற்றில் வருவது, சவர்க்காரம் மாதிரி மணக்கும்.

நேற்று நான் வெளியே வைத்த குப்பைப் பையை யாரோ திரும்பக் கொண்டுவந்து என் வாசலில் வைத்திருந்தார்கள். சிவப்பு ஒட்டுத்தாளும் ஒட்டியிருந்தது. எரிக்கிற குப்பைக்குள் பிளாஸ்ரிக் மூடி ஒன்று கிடந்ததாம். யார் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து பேரும் காலையில் தலை குனிந்து வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். முகத்துக்கு நேரே பேசினால் சண்டை பிடித்துவிட்டாவது நிம்மதியாகப் படுக்கலாம். பஸ்ஸில் கடைசியாக நிரம்புவது என் பக்கத்து ஆசனம். நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்து, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியவுடன் முகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டலாம் போலிருக்கிறது.

ஓகஸ்டில் பள்ளிக்கூடம் லீவு. இரண்டு கிழமை வந்து உனக்குக் கைகொடுக்கட்டோ?

அன்புடன்,
மயூரா


மிச்சம்
11 யூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் சுகமும் அதுவாக இருக்கட்டும்.

ஓகஸ்டில் வராதே. டிக்கெட் விலை தெரியுந்தானே. வந்தாலும் படுக்க இடமில்லை. லீவு கிடைத்தால் நாலு இடம் போய்ப் பார். உன் வயதில் எனக்கு அப்படி வாய்க்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வேறு புதினம் இல்லை. போன செவ்வாய் வேலை முடிந்து டிராமில் ஏறி இருந்தேன். யாரோ தோளில் தட்ட முழித்தால் நியூ அடிங்டன், கடைசித் தரிப்பு. எதிர்த் திசை டிராமில் ஏறியதும் தெரியாது, நித்திரையானதும் தெரியாது. திரும்பி வர நேரம் போய்விட்டது. அப்பா கட்டிலில் இருந்து இறங்க முயன்று முடியாமல் அப்படியே ஈரத்தில் கிடந்தார். "பரவாயில்லை பிள்ளை" என்று சொன்னார். அதைக் கேட்கத்தான் எனக்கு அழுகை வந்தது.

சரி, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன். உன் புட்டுக் கதை கேட்டு அப்பா சிரித்தார்.

அன்புடன்,
அக்கா


தொத்தோரி
8 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். லீவில் நாலு இடம் பார்க்கச் சொன்னாய். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வெயில் அப்படி.

இங்கே ஒரு கூத்து நடந்தது. என்னோடு படிப்பிக்கிற ஒக்காதா ஆசிரியை ஐம்பது வயதுக்காரி, நல்ல மனுசி. புதன்கிழமை புயல் மழை. வாசலில் அவர் குடையில்லாமல் நின்றார். என்னிடம் இரண்டு குடை இருந்தது. "ஒன்றை எடுங்கோ" என்றேன். "பரவாயில்லை" என்று சிரித்தார். சரி என்று நான் இரண்டு குடையோடும் போய்விட்டேன். மறுநாள் அவர் வரவில்லை, காய்ச்சல். ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் திரும்பி வந்த அன்று நானே நேரே கேட்டுவிட்டேன், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று. அவருக்குச் சிரிப்பு. "முதல் தரம் சொல்கிற வேண்டாம், வேண்டாம் இல்லை மயூரா. உன்னுடைய பொருளை உடனே வாங்கினால் நான் எப்படிப்பட்ட ஆள்? நீ திரும்பக் கேட்பாய் என்று நின்றேன். இரண்டாம் தரமும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மூன்றாம் தரம் வாங்கியிருப்பேன்" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மழையில் நிற்கிற ஆளிடம் மூன்று தரம் கேட்க வேண்டுமாம். தேவையென்றால் தேவை என்று சொன்னால் என்ன? இந்த ஊரில் ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் புகுந்து பார்த்துப் பார்த்தே நான் களைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இதை வாசி. சிரிப்பார்.

உன்,
மயூரா


மிச்சம்
18 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சி மயூராவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. நீ போனிலும் கேட்டாய், நான் வேலை வேலை என்று வைத்துவிட்டேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை.

அப்பாவை ஒக்டோபரில் முதியோர் ஹோமில் விட்டுவிட்டோம். நான் ஷிப்டில் நிற்கும்போது மறுபடி விழுந்தார். லக்‌ஷன் பள்ளிக்கூடம் போகாமல் தூக்கப் பார்த்து அவனுக்கும் தோளில் பிடித்துக்கொண்டது. அப்பாவின் நிலையைப் பார்க்கக் கவுன்சிலில் இருந்து வந்த பெண், இனி வீட்டில் ஒரே ஆளால் ஏலாது என்று சொல்லிவிட்டார். ஹோம் நோர்பரிப் பக்கம், பஸ் தரிப்புக்கு எதிரே. வாசலில் இறங்கும்போது தெரிந்த முகம் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே போகிறேன். ஆட்களுக்கு, அப்பா பாரிசில் சித்தப்பா வீட்டில் என்று சொல்லியிருக்கிறோம். போன வெள்ளி கோயிலில் தவமலர் மாமி, "கொப்பருக்குப் பாரிஸ் ஒத்துக்கொண்டுதோ பிள்ளை?" என்று கேட்டா. "ஓம் மாமி, நல்லாயிருக்கிறார்" என்றேன். முருகனுக்கு முன்னால் நின்று.

அவர் நன்றாக இல்லை. சாப்பிடுகிறாரில்லை. அங்கே அவரைப் பராமரிக்கிறது பியற்றிஸ் என்று ஒரு பெண், அன்பானவள். "உங்கள் அப்பா பெரிய ஜென்டில்மேன். தட்டைக் கொண்டுபோனால் சிரித்துக்கொண்டு 'நோ, தாங்க் யூ' என்பார். வற்புறுத்த எங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறாள். தட்டு திரும்பிப் போகிறது. நான் பின்னேரம் சோறு கொண்டுபோகிற நாட்களில் என் கையால் கொஞ்சம் சாப்பிடுகிறார். எல்லா நாளும் என்னால் போக ஏலாது. உடுப்பெல்லாம் அவரில் தொங்குகிறது. இப்படியே போனால் வயிற்றில் குழாய் வைக்கத்தான் வேண்டிவரும் என்று டொக்டர் சொல்கிறார்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. கொண்டுபோய் விட்டேன் என்று என்னில் கோபம். வாய் திறந்து சொல்ல மாட்டார், பட்டினி கிடந்து சொல்கிறார்.

நீ வரவேண்டாம். நடுவில் விட்டுவிட்டு வந்தால் உன் வேலை போய்விடும். தெரியாமல் இருக்கக்கூடாது என்றுதான் எழுதினேன்.

அக்கா


தொத்தோரி
29 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சுகம் கேட்க இது நேரமில்லை. நேற்றுக் கடிதம் கிடைத்தவுடன் போன் எடுத்தேன். நீ கடையில் நின்றாய், பாதி கேட்டாய், பாதி கேட்கவில்லை. ஆறுதலாக இதில் எழுதுகிறேன், திரும்பத் திரும்ப வாசி.

அப்பாவுக்கு உன்னில் கோபம் இல்லை. அவர் அந்த ஹோமில் விருந்தாளியாக இருக்கிறார்.

நினைத்துப் பார். வேறு வீட்டில் அப்பா எப்போதாவது முதல் தரம் கேட்டவுடன் ஒரு தேத்தண்ணியாவது வாங்கியிருக்கிறாரா? ஜெர்மனியில் இருந்து வந்து சவுத்தாலில் குடியேறிய அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போனோமே. அவர்களுடைய மகள் வடைத் தட்டை நீட்ட, "ஐயோ வேண்டாம் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்றார். காலையில் இருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளை ஜெர்மனியில் வளர்ந்தது, சரி அங்கிள் என்று தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவின் வயிறு கத்தியது. நீயும் நானும் அடக்க முடியாமல் சிரித்தோம். "ஒருக்காக் கேட்டிட்டுக் கொண்டுபோட்டுதே" என்று அவரும் சிரித்தார்.

வீட்டில் நீ கேட்கவில்லை, வைத்துவிட்டுப் போனாய். அதனால் சாப்பிட்டார். அங்கே கேட்கிறார்கள். அவர் மரியாதையாக வேண்டாம் என்கிறார். திரும்பக் கேட்பார்கள் என்று இருக்கிறார். யாரும் கேட்கவில்லை. ஒக்காதா ஆசிரியை மழையில் நின்ற மாதிரி அப்பா தட்டுக்கு முன்னால் நிற்கிறார் அக்கா. நான் அன்றைக்கு அந்த மனுசியில் எரிச்சல்பட்டேன். என் சொந்த அப்பாவையே எனக்கு ஞாபகம் வரவில்லை.

பியற்றிசிடம் சொல்: ஒரு தரம் கேட்டுவிட்டுப் போகவேண்டாம். மூன்று தரம் கேட்கட்டும். இல்லையென்றால் கேட்காமலே முன்னால் வைத்துவிட்டு, தானும் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு பக்கத்தில் இருக்கட்டும். மற்றவர் சாப்பிடாமல் அவர் கை வைக்க மாட்டார்.

இன்னும் சொல்லவில்லை என்றால் உடனே சொல். இன்றைக்கே சொல்.

மயூரா


மிச்சம்
16 டிசெம்பர் 2024

அன்புத் தங்கச்சி,

நீ நன்றாக இருக்க வேண்டும். நூறு வயது வரை.

போனில் பாதி கேட்டதை வைத்து அன்றைக்கே போய்ப் பியற்றிசிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "வேண்டாம் என்றால் வேண்டாம்தானே?" என்றாள். நான் பக்கத்தில் நிற்கவே தட்டைக் கொண்டுவந்தாள். "நோ, தாங்க் யூ." கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள். "நோ நோ, யூ ஆர் வெரி பிசி." மூன்றாம் தரம் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை விடாது போலக் கிடக்கு. சரி, ஒரு கொஞ்சம்" என்று கரண்டியை எடுத்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை. பியற்றிஸ் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

கேட்டேன், "ஏனப்பா பசியெண்டு சொல்லேல்லை?" என்று. "அதுகள் பாவங்கள், ஓடித் திரியுதுகள். கேட்டவுடன வாங்கிறது வடிவில்லைத்தானே" என்கிறார். கோபம் ஒன்றும் இல்லை. நான்தான் இரண்டு மாதமாக அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. பியற்றிஸ் நிற்கிற நாளில் சாப்பிடுகிறார். புது ஆள் வந்தால் தட்டு அப்படியே திரும்புகிறது. மூன்று தரம் கேட்க அவர்களுக்கு நேரமில்லை, ஒருவருக்குப் பத்துப் பேர். குழாய்க் கதையைத் தைமாத முடிவு வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். நான் விடிய ஷிப்ட் முடிந்து நேரே ஹோம், பிறகு வீடு. லக்‌ஷனோடு கதைத்துக் கனநாள்.

நாங்கள் சமாளிப்போம். நீ வரவேண்டாம், உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


தொத்தோரி
9 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடத்தில் எல்லாரும் நலமோ? அப்பாவுக்குக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுவிடு.

இங்கே இடுப்பளவு பனி. காலையில் வாசலைத் தோண்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். இன்று பனி அடைத்திருந்த வாசலில் யாரோ எனக்கு முன்பே ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தச் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டினவராகவும் இருக்கலாம். யார் என்று சொல்லவே மாட்டார்கள்.

மூன்றாம் வருட ஒப்பந்தம் மேசையில் கிடக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். போன வருடம் நீ வேண்டாம் என்றாய், ஒரே வார்த்தையில் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். இம்முறை பேனையை எடுத்தேன், எழுதவில்லை.

அக்கா, நீ அவருடைய மகள். எனக்கு ஏன் இது இவ்வளவு நாளாக விளங்கவில்லை? டிராமில் நித்திரையாகிக் கடைசித் தரிப்புக்குப் போனேன் என்று எழுதிய அதே கடிதத்தில் வராதே என்று எழுதுகிறாய். நான் அந்த ஜெர்மனிப் பிள்ளை மாதிரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அப்பா விழுந்தபோது போனில் கேட்டேன். யூனில் கடிதத்தில் கேட்டேன். இப்போது மூன்றாம் தரம் கேட்கிறேன். எனக்கும் இங்கே களைத்துவிட்டது, ஆனால் அதற்காகக் கேட்கவில்லை. மார்ச் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. ஒக்காதா ஆசிரியையிடம் கதைத்துவிட்டேன், அதிபரோடு பேசி நான் சொல்லும் நாளில் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

அக்கா, நான் வரட்டோ?

மயூரா


மிச்சம்
21 ஜனவரி 2025

மயூராக் குஞ்சுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். நாங்கள் சுகம் என்று கை தானாக எழுதுகிறது. வரவேண்டாம் என்றும் தானாகவே எழுதுகிறது.

எனக்கு ஏலாமல் போச்சு மயூரா. முதுகு ஏலாது, மனம் ஏலாது. நீ அடுத்த கிழமை வரமாட்டாயா, நாளைக்கே வரமாட்டாயா என்று எத்தனை நாள் அந்த டிராமில் இருந்து நினைத்திருக்கிறேன். கேட்க வாய் வரவில்லை.

அப்பாவின் கட்டில் இன்னும் முன்னறையில் விரித்தபடிதான் கிடக்கிறது. மடிக்க எனக்கு மனமில்லை. நாங்கள் இரண்டு பேர் என்றால் அவரை வீட்டுக்குக் கொண்டுவரலாம், கவுன்சிலில் கேட்டுவிட்டேன். நீ என்னோடு படு. பாரிசில் இருந்து வந்துவிட்டார் என்று தவமலர் மாமிக்குச் சொல்லுவோம்.

நேற்று அவரிடம் சொன்னேன், "சின்னவள் வரட்டோ எண்டு கேக்கிறாள்" என்று. "ஐயோ வேண்டாம், அவளுக்கேன் வீண் கரைச்சல். வரவேண்டாமெண்டு எழுது" என்றார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திருப்பிக் கேட்கவில்லை. முதல் தரம்தானே சொல்லியிருக்கிறார்.

வா.

அக்கா